ஒன்றரை அடியும் எண்பது சதவீதமும்

35 மி.மீ. பிலிமில் ஒன்றரை அடி ஓடினால் ஒரு நொடி. அடிக்கு 16 படம், நொடிக்கு 24 படம். எடிட்டருக்கும் கொட்டகை ஆபரேட்டருக்கும் தணிக்கை அலுவலக எழுத்தருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். எந்த ரீல், எந்தக் காட்சி, எத்தனை அடி என்று வெட்டுப் பட்டியல் போடுவார்கள். வெட்டு வாங்கிய படமென்றால் சான்றிதழின் இடது கீழ் மூலையில் ஒரு முக்கோணம் இருக்கும். படம் தொடங்குமுன் அந்தச் சான்றிதழ் திரையில் சில நொடி நிற்கும்போது தரை டிக்கெட் கூட்டம் ரீல் எண்ணிக்கையைத்தான் தேடும். "பதினெட்டு ரீலுடா" என்று ஒரு மகிழ்ச்சிக் குரல் கேட்கும். விஷயம் தெரிந்த எவனோ ஒருவன் மட்டும் முக்கோணத்தைப் பார்த்துவிட்டு, "கட் பண்ணிட்டானுங்க" என்று நொந்துகொள்வான்.

பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு வட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவூர். திருத்தணியோடு சேர்ந்து இந்தப் பக்கம் சென்னை மாநிலத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. கைத்தறி போய் விசைத்தறி வந்து, இப்போது தெருவில் நடந்தால் பேச்சுக் குரலைவிடத் தறிச் சத்தம்தான் முன்னால் கேட்கும். இப்படிப்பட்ட ஊர்களுக்கு அன்று படம் என்றால் பெட்டியில் வந்து இறங்குவது. வாரக் கூலி கைக்கு வந்த நாளில் கொட்டகை நிறையும். ஆனால் ஊர்க்காரர் கண்ணில் அந்தப் படம் படுவதற்கு முன்பே வேறு சில கண்கள் அதைப் பார்த்து முடித்திருந்தன.

அந்தக் கண்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1918-இல் வெள்ளையர் அரசு திரைப்படச் சட்டம் கொண்டுவந்தது. 1920-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள் அமைந்தன. சென்னையில் போலீஸ் கமிஷனர்தான் தலைவர். அவர்களுக்கு முத்தக் காட்சியைவிட காந்தி படம் பெரிய ஆபாசம். விடுதலைக்குப் பிறகு 1951-இல் மத்திய வாரியம், 1952-இல் புதிய சட்டம். சென்னை ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் மண்டல அலுவலகம். அங்கே ஒரு அதிகாரியும் ஆலோசனைக் குழு உறுப்பினர்களும் இருட்டறையில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்ப்பார்கள். காதல் காட்சியில் கை வைக்கிறார்கள் என்றால், அந்தக் காதலர்கள் யார், அதற்கு முந்தைய ரீலில் என்ன நடந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அது நல்ல முடிவா கெட்ட முடிவா என்பது வேறு. கதை தெரிந்து எடுத்த முடிவு.

சாஸ்திரி பவனில் வெட்டியது வழியில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதற்குப் பெயர்தான் 'பிட்டு'. சான்று வாங்கிய படத்தில் சான்று வாங்காத துண்டைச் செருகி ஓட்டினால் திரைப்படச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் சிறைத் தண்டனை உண்டு. உண்டு என்பது ஆபரேட்டருக்கும் தெரியும். மழை இரவில் இரண்டாம் ஆட்டத்துக்கு நடுவே, கதைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெண் இரண்டு நிமிடம் வந்து போவாள். மறுநாள் டீக்கடையில் அதைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

சுவரொட்டிக்கும் தணிக்கை இருந்தது. திரைப்பட விளம்பரங்களைக் கட்டாயமாகத் தணிக்கைக்கு உட்படுத்த 1987-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. நடைமுறையில் நாம் கண்டது, போஸ்டரில் நடிகையின் மார்பின் மேலோ தொடையின் மேலோ ஒட்டப்பட்ட ஒரு காகிதத் துண்டு. அந்தத் துண்டு இல்லாவிட்டால் பாதிப் பேர் அந்தப் போஸ்டரைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

இன்னொரு தணிக்கையாளரை நாம் தணிக்கையாளராகவே எண்ணியதில்லை. அவர் போட்டோ ஸ்டூடியோக்காரர். பிலிம் ரோல் கொடுத்தால் அவர் கண்ணில் படாமல் எந்தப் படமும் காகிதத்துக்கு வராது. கல்யாணம், காதுகுத்து, சாவு, எல்லாவற்றின் நெகட்டிவும் அவரிடம் இருந்தது. தெருவில் யாருடைய பெண் யாரோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள் என்பது அவளுடைய அப்பாவுக்கு முன்பு அவருக்குத் தெரியும். வாய் திறக்காதவராக இருந்தால் ஊருக்கு நல்லது. திறப்பவராக இருந்தால் அந்தப் பெண்ணின் படிப்பு அந்த வாரத்தோடு சரி.

இதனால்தான் பழைய முறையைப் பற்றி ஏங்கிப் பேசுபவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பார்த்தவர்கள் சிலர், பெரும்பாலும் ஆண்கள். எது அசிங்கம் என்று முடிவு செய்ததும் அவர்கள்தான், அசிங்கத்துக்கு யார் காரணம் என்று முடிவு செய்ததும் அவர்கள்தான். ஒரு பெண்ணின் படம் வெளியே போய்விட்டால் அவள் போய் நிற்பதற்கு ஓர் அலுவலக வாசல்கூட இல்லை.

நீதிமன்றம் இருந்தது, மெதுவாக. 1964-இல் ரஞ்சித் உதேஷி என்பவர் மீதான ஆபாச வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட அளவுகோல் விக்டோரியா காலத்து இங்கிலாந்திலிருந்து வந்தது: பலவீனமான மனம் ஒன்று இதைப் பார்த்தால் கெட்டுப்போகுமா? 1996-இல் 'பாண்டிட் குயின்' திரைப்பட வழக்கில் அதே நீதிமன்றம், உடையில்லாத உடம்பு எல்லாம் ஆபாசமாகிவிடாது, அந்தக் காட்சி கதையில் எதற்காக வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் ஆடையின்றி நின்ற படத்தைக் கொல்கத்தாப் பத்திரிகைகள் 1993-இல் மறுபதிப்புச் செய்தன. நிறவெறிக்கு எதிராக அந்த இருவர் எடுத்துக்கொண்ட படம் அது. அது ஆபாசமல்ல, இன்றைய சமூகத்தின் அளவுகோலால்தான் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது 2014 பிப்ரவரியில். ஒரு படத்துக்கு 21 ஆண்டுகள்.

நடுவில் வந்த வீடியோ டெக், சி.டி., பேருந்து நிலையக் கடைகளில் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று தொங்கிய அட்டை, இவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். தணிக்கை என்ற சொல்லே பொருளிழந்த இடைக்காலம் அது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு, பார்ப்பவர்கள் எல்லோரும் படம் போடுபவர்களாகவும் ஆனார்கள். சாஸ்திரி பவன் இருட்டறையில் எத்தனை நாற்காலி போட்டாலும் இது அடங்காது. எனவே பார்க்கும் வேலை இயந்திரத்துக்குப் போயிற்று.

இயந்திரத்துக்குக் கண் கொடுக்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1996-இல் ஃபோர்சித், ஃப்ளெக் உள்ளிட்ட ஆய்வாளர்கள், நிர்வாண மனிதர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று தலைப்பிலேயே சொல்லும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதலில் தோல் நிறமுள்ள பகுதியைத் தேடு. பிறகு அந்தப் பகுதிகள் கை, கால், உடம்பு போலச் சேர்கின்றனவா பார். அவ்வளவுதான் முறை. 138 நிர்வாணப் படங்களில் பாதிக்குச் சற்று அதிகமாக, 52 சதவீதம் பிடிபட்டன. இன்று யாரும் தோலைத் தேடச் சொல்லித் தருவதில்லை. மனிதர்கள் பெயர் ஒட்டிய படங்களைப் பெருங்குவியலாகக் கொடுத்தால், நரம்பு வலைப்பின்னல் தானே அடையாளங்களைக் கற்றுக்கொள்கிறது. கூகுளின் விஷன் சேவையும் அமேசானின் ரெகக்னிஷனும் இதை வாடகைக்கு விட்டன. ரெகக்னிஷன் 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டது; அடுத்த ஆண்டே ஆபாசப் படங்களைத் தரம்பிரிக்கும் வசதி அதில் சேர்ந்தது. அமேசானின் கிளவுட் மையம் அதற்குள் மும்பைக்கும் வந்திருந்தது.

இதன் நடைமுறை பார்ப்பதற்கு எளிது. ஒரு செயலியில் யாரோ படம் ஏற்றுகிறார். படம் கிளவுட் சேமிப்பில் விழுந்ததுமே ஒரு சிறு நிரல் விழித்து அதை ரெகக்னிஷனிடம் காட்டுகிறது. ஓரிரு நொடிக்குள் பதில் வந்துவிடுகிறது: பெயர் ஒன்று, பக்கத்தில் சதவீதம் ஒன்று. இந்தச் சதவீதத்துக்கு மேலே போனால் நிறுத்து, கீழே இருந்தால் விடு என்று நிரல் எழுதியவர் முன்பே சொல்லி வைத்திருப்பார். ஒன்றும் சொல்லாவிட்டால் 50-க்கு மேல் வருவதையெல்லாம் சேவை திருப்பித் தரும். செலவு, முதல் பத்து லட்சம் படம் வரை ஆயிரம் படத்துக்கு ஒரு டாலர் என்பதுதான் அறிவித்த கட்டணம். ஒரு படத்துக்குப் பத்துப் பைசா வாக்கில். போஸ்டரில் காகிதம் ஒட்டப் பசை வாங்கிய காசுகூட இதைவிட அதிகமாக இருந்திருக்கும்.

அந்தப் பெயர்ப் பட்டியலை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். வெளிப்படையான ஆபாசம், நீச்சல் உடை அல்லது உள்ளாடை, வன்முறை, போதைப்பொருள், மது, சூதாட்டம், வெறுப்புச் சின்னம் என்று பெரிய தலைப்புகள். ஆபாசம் அளவுக்குப் போகாத நிர்வாணம் என்ற தலைப்புக்குக் கீழே 'வெற்று முதுகு' என்று ஒன்று, 'தெரியும் ஆண் மார்புக்காம்பு' என்று ஒன்று. பழைய பட்டியலில் 'வெற்று மார்புள்ள ஆண்' என்பது 'கிளர்ச்சியூட்டக்கூடியது' என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

விசைத்தறிக் கூடத்துக் கோடையில் சட்டை போட்டு வேலை செய்பவர் யார்? ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு ஏறும் காவடிக் கூட்டத்தில் சட்டை போட்ட ஆண்கள் எத்தனை பேர்? கன்னத்தில் அலகு குத்தியவர் படமென்றால் வன்முறைத் தலைப்பின் சதவீதமும் சேர்ந்து ஏறினால் ஆச்சரியமில்லை. முருகன் சன்னிதி வாசலில் ஊரே கும்பிடும் ஒரு மனிதரை, கதை தெரியாத ஒரு கண் இப்படித்தான் வகைப்படுத்தும்.

'வெற்று முதுகு' இந்த ஊர்ப் பிழைப்போடும் உரசக்கூடியது. புடவையை இணையத்தில் விற்பவர் முந்தியை விரித்துக் காட்டப் பின்பக்கமாகப் படம் எடுப்பார். ஜாக்கெட்டின் கழுத்து பின்னால் இறக்கமாக இருந்தால் போதும். செயலியில் கண்டிப்பான அளவு வைத்திருந்தால் பேச்சு இப்படித்தான் போகும்:

"இன்னாடா இது, பதினஞ்சு பொடவ ஏத்தினா பத்துதான் நிக்குது?"

"சிஸ்டம் நிறுத்திடுச்சு மாமா. முதுகு தெரியுதாம்."

"முதுகு தெரியாம முந்தி எப்பிடிடா காட்றது?"

மாமா கேட்பது நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர் அமேசானும் அல்ல, மருமகனும் அல்ல. எங்கோ ஓர் அலுவலகத்தில் 60 என்று போடுவதா 80 என்று போடுவதா என்று யோசித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் 60 என்று போட்டுவிட்டுப் போன ஒருவர். கத்தரிக்கோல் காணாமல் போகவில்லை. ஓர் எண்ணாக மாறி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெட்டுப் பட்டியலில் அடிக்கணக்கும் அலுவலக முத்திரையும் இருந்தன. இந்த எண்ணுக்குக் கீழே எவர் கையெழுத்தும் இல்லை.

இயந்திரத்தின் பார்வையில் ஓரவஞ்சனை உண்டு என்பதையும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். 2023-இல் 'கார்டியன்' நாளிதழில் இரு பத்திரிகையாளர்கள் மைக்ரோசாஃப்ட், கூகுள், அமேசான் சேவைகளுக்குப் படங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அன்றாடக் காட்சியில்கூடப் பெண்களின் படம் ஆண்களின் படத்தைவிடக் கவர்ச்சியானது என்று மதிப்பெண் வாங்கியது. கர்ப்பிணியின் வயிறும் தப்பவில்லை. அவர்களில் ஆண் பத்திரிகையாளர் வெற்று மார்போடு நின்றபோது மைக்ரோசாஃப்ட் சேவை கொடுத்தது 22 சதவீதம். அதே மனிதர் ஒரு பிரா அணிந்து நின்றதும் 97. துணி கூடியிருக்கிறது, ஆபாசமும் கூடியிருக்கிறது! கனடாவின் ஒரு விதைக் கடை 2020-இல் வெங்காயப் படத்தோடு கொடுத்த விளம்பரத்தை ஃபேஸ்புக் பாலியல் தூண்டுதல் என்று நிறுத்தி, பிறகு மன்னிப்புக் கேட்டுத் திரும்ப விட்டது. வெறும் வெங்காயம்தான், பாவம்.

இயந்திரம் தடுமாறும் இடத்தில் மனிதரை உட்கார வைக்கிறார்கள். ஃபேஸ்புக்கின் ஒப்பந்த வேலையாக ஹைதராபாதில் உட்கார்ந்து பார்ப்பவர்களைப் பற்றி 2019-இல் ராய்ட்டர்ஸ் எழுதியது: எட்டு மணி நேரப் பணியில் சுமார் 2,000 பதிவுகள். ஒன்றுக்கு 14 நொடி வருகிறது. பழைய கணக்கில் 21 அடி பிலிம். அதற்குள் கதை எங்கே தெரியப்போகிறது? சாஸ்திரி பவன்காரர்களுக்கு இரண்டரை மணி நேரமும் இடைவேளையும் இருந்தன. இவர்கள் பார்ப்பது இடைவேளை இல்லாத பிட்டு, அதுவும் தினமும்.

தமிழ்நாட்டில் இந்த இயந்திரக் கண்ணைப் பற்றி நீதிமன்றத்திலேயே பேச்சு எழுந்தது 2019-இல். டிக்டாக் செயலியில் ஆபாசம் பெருகுகிறது, குழந்தைகள் கெடுகிறார்கள் என்று போட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஏப்ரல் 3 அன்று செயலியைத் தரவிறக்கம் செய்யத் தடை விதிக்க உத்தரவிட்டது. கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து அதை எடுத்தன. இந்தியப் பயனர்கள் போட்டவற்றில் விதி மீறிய 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடியோக்களை நீக்கிவிட்டோம் என்று நிறுவனம் சொன்னது. ஆபாசத்தை வடிகட்டத் தொழில்நுட்பம் இருக்கிறது என்ற விளக்கத்துக்குப் பிறகு, ஏப்ரல் 24 அன்று தடை நிபந்தனையோடு நீங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் மத்திய அரசு அந்தச் செயலியையே மூடியது வேறு காரணத்துக்காக. எல்லையில் சீனாவோடு மோதல். ஆனால் அந்த மூன்று வாரத்தில் நடந்தது சிறிய விஷயமல்ல. போலீஸ் கமிஷனர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு வடிகட்டியை உட்கார வைக்கலாம் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இதை இன்னும் தெளிவாக்கின. அந்தரங்கப் படம் பரவுவதாகப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றன. பெரிய சமூக ஊடகங்கள் தானியங்கிக் கருவிகளைப் பயன்படுத்த முயல வேண்டும் என்றன. விதி இருந்தும் என்ன நடக்கிறது என்பது 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிந்தது. வழக்கறிஞரான ஒரு பெண்ணின் அந்தரங்கக் காட்சிகள் அவரது சம்மதமின்றிப் பல தளங்களில் ஏறியிருந்தன. 48 மணி நேரத்துக்குள் எடுக்க நடவடிக்கை வேண்டும் என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். எடுத்த பிறகும் வேறு தளங்களில் மீண்டும் முளைத்தன. சட்டம் படித்து, நீதிமன்றத்தில் நிற்கத் தெரிந்த பெண்ணுக்கே இந்த அலைச்சல்.

இங்கே சதவீத இயந்திரம் பெரிதாக உதவாது. அது ஆபாசமா என்று சொல்லும். சம்மதம் இருந்ததா என்று சொல்லாது. சம்மதமில்லாத படம் பரவாமல் தடுக்கப் பயன்படுவது வேறொரு கருவி. படத்தைக் கணக்கிட்டு அதற்கொரு கைரேகை போன்ற எண்சரத்தை உருவாக்குவது. அதே படம் வேறெங்கு ஏறினாலும் எண்சரம் பொருந்திப் பிடிபடும். சிறுவர் மீதான பாலியல் கொடுமைப் படங்களைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் 2009-இல் கொண்டுவந்த ஃபோட்டோடிஎன்ஏ இந்த வகை. 2021 டிசம்பரில் தொடங்கிய ஸ்டாப்என்சிஐஐ சேவை, பெரியவர்களுக்கு அதே வழியைத் திறந்தது. படம் பெண்ணின் போனை விட்டு வெளியேறுவதில்லை, எண்சரம் மட்டும்தான் போகிறது. தன் படத்தை இன்னொரு மனிதர் கண்ணில் காட்டாமலேயே தடுக்கக் கேட்க முடிவது பெரிய மாற்றம். ஸ்டூடியோக்காரர் வாய் திறப்பாரா மாட்டாரா என்று பயந்த பெண்ணுக்கு இப்படி ஒரு வாசல் இருந்ததே இல்லை. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் எது மேல் என்று கேட்டால், இந்த ஒன்றுக்காகவே நான் இன்றையதைச் சொல்வேன்.

ஆனால் அந்த வாசலும் அதில் சேர்ந்த நிறுவனங்களின் தளங்களுக்குத்தான். நெசவூரில் ஒரு படம் பரவுகிறதென்றால் பரவுவது பெரும்பாலும் வாட்சப் குழுவில். அங்கே செய்தி அனுப்புபவரிடமிருந்து பெறுபவர் வரை பூட்டப்பட்டே போகிறது; நடுவில் ரெகக்னிஷனும் இல்லை, சாஸ்திரி பவனும் இல்லை. அந்தப் பூட்டு வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். பூட்டுக்குள் ஊர் பழைய ஊராகவே இருக்கிறது: பார்த்ததாக ஒருவரும் சொல்லமாட்டார்கள், எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறதே, அதையும் பார்த்துவிடலாம். அன்று வெட்டுக்கு ஒப்பாத தயாரிப்பாளர் மறு ஆய்வுக் குழுவுக்குப் போனார், பிறகு தீர்ப்பாயத்துக்கு. அந்தத் தீர்ப்பாயம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டு, இப்போது நேராக உயர் நீதிமன்றம். சமூக ஊடகம் எடுத்த முடிவை எதிர்க்க 2023-இல் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுக்களை மத்திய அரசு அமைத்தது. இணையத்திலேயே மனுச் செய்யலாம். புடவைச் செயலியில் முந்திப் படம் நின்றுபோன மாமா அங்கே போகப்போவதில்லை. அவருக்கு மருமகன் சொல்லிக்கொடுத்த வழி வேறு: பொம்மைக்குப் புடவை கட்டிப் படம் எடுப்பது. பொம்மைக்கு முதுகு தெரிந்தாலும் நிற்கிறதா என்று அடுத்த சரக்கு ஏற்றும்போது பார்க்க வேண்டும்.